கடைச்சாமம்

போர்சிப்பா கோபுரத்தின் மேல்தளத்துக்கு
எத்தனை படிகள் என்று எனக்குத் தெரியாது.
நிலவுகளை மட்டும் எண்ணி வந்தேன்.

ஈரக் களிமண்ணில் நாணலை அழுத்தி
அன்றிரவு வானம் என்ன செய்தது என்று எழுதுவது வேலை.
மேகம் என்றால் மேகம்.
'பார்க்கவில்லை' என்றும் எழுதியிருக்கிறேன், பலமுறை.
கூலி, பார்லியும் எள்ளெண்ணெயும்.

பேரீச்சம்பாளை வெடிக்கும் பருவம்.
முதல் சாமத்தில் நிலவை நிழல் கடித்தது.
'கிழக்கு விளிம்பில் தொடங்கியது' என்று எழுதினேன்.
அந்த ஒற்றை வரியைப் படித்தவர்கள்
அரசனுக்குச் சாவு என்றார்கள்.
அவனை ஒளித்து வைத்துவிட்டு
அவன் நாற்காலியில் செத்துப்போக ஓர் ஆள் தேடினார்கள்.

ஹஷ்தாயா கிடைத்தான்.
ஆண்பாளையை உலுக்கிப் பெண்பாளையில்
தூவிக்கொண்டிருந்தவனை
மரத்திலிருந்து இறக்கிக் கூட்டிவந்தார்கள்.
அரச உடைக்கு மேலே, கழுத்து மடிப்பில்,
மஞ்சள் தூள் அப்படியே இருந்தது.

சகுனத்தை அவனுக்குப் படித்துக்காட்ட
என்னைத்தான் அனுப்பினார்கள்.
முழுதும் கேட்டான்.
"இன்னும் நாற்பது மரம் பாக்கி, ஐயா.
விரிந்த பாளை நாலு நாள்தான் தாங்கும்.
யார் ஏறுவார்?"

நூறாம் நாள் கிண்ணம் வந்தது.
அரசன் வெளியே வந்து தலைமுழுகினான்.
அந்த வருடம் நாற்பது மரங்கள்
கொட்டையில்லாத குட்டிக் காய்களை உதிர்த்தன.

பிறகு பலகை வீட்டில் எலிகளோடு குடியிருந்தேன்.
உடைந்தவை, சுட்டவை, உப்புப் பூத்தவை.
எனக்கு முந்திய கைகள் எழுதிய இரவுகள்.
எதைத் தேடினேன் என்று கேட்டால்
யாராவது தப்பாக எழுதியிருக்க மாட்டார்களா என்றுதான்.

ஒருவரும் தப்பாக எழுதவில்லை.
ஒரு நிழலிலிருந்து எண்ணிக்கொண்டே போனால்
இருநூற்று இருபத்து மூன்றாம் நிலவில்
அதே நிழல்,
இரண்டு சாமம் பிந்தி.
பகலில் விழுந்தால் நம் கண்ணுக்குத் தப்பும்;
அது வராமல் இருந்ததில்லை.
நிழலுக்குப் பிறகு முப்பதாண்டு ஆண்டவன் இருக்கிறான்.
ஒரு நிழலும் இல்லாத மாதத்தில்
படியில் வழுக்கிச் செத்தவனும் இருக்கிறான்.

சொன்னேன்:
வரும் நிசான்னு மாதம், பதினான்காம் இரவு, கடைச்சாமம்.

தலைமை மந்திரவாதிக்கு முகமெல்லாம் மலர்ந்தது.
என் கையைப் பிடித்துக்கொண்டான்.
"நல்லது, ரிமூத். இனி அவசரமில்லை.
ஆளை முன்கூட்டியே பார்த்து வைத்துவிடலாம்."

இதற்கா எண்ணினேன்.

மறுநாள் பலகைகளைக் கூடையில் சுமந்துபோய்
சபையில் கொட்டினேன்.
ஒவ்வொன்றாக எடுத்து, தொண்டை கட்டும்வரை படித்தேன்.
நடுவில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினார்கள்.
கடைசியில் அரசன் கேட்டான்:
"அப்படியானால், நிலவுக்கு என்னைத் தெரியாதா?"

"தெரியாது."

அவன் முகத்தில் வந்தது
ஆறுதலா அவமானமா, எனக்குப் பிடிபடவில்லை.
இம்முறையும் ஒரு கைதியை உட்காரவைத்தார்கள்,
வழக்கம் அல்லவா.
கிண்ணத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

அந்த இரவு கோபுரத்துக்குப் போகவில்லை.
ஈரப் பலகையோடு தோப்பில் உட்கார்ந்திருந்தேன்.
சொன்ன நேரத்துக்கு வந்தது.
ஊருக்குள் செப்புப் பறைகள் அதிர்ந்தன.
நாய்கள் என்ன எண்ணினவோ, அவையும் குரைத்தன.

விடியுமுன் கயிற்றோடு வந்தாள் நுப்தா,
ஹஷ்தாயாவின் மனைவி.
பாதி தின்ற நிலவை ஒருமுறை பார்த்தாள்.

"அன்றைக்கே இது தெரியுமா உனக்கு?"
"தெரியாது."
"எண்ணியிருந்தால் தெரிந்திருக்குமா?"

பலகைகள் அன்றும் அங்கேதான் இருந்தன என்றேன்.

அவள் கயிற்றை இடுப்பில் சுற்றி முடிந்தாள்.
பாளையைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏறினாள்.
கொஞ்ச நேரத்தில் மேலிருந்து
மஞ்சளாக ஏதோ இறங்கத் தொடங்கியது.

களிமண் காய்வதற்குள் எழுதினேன்:
கடைச்சாமம். கிழக்கு விளிம்பில் தொடங்கியது.
முடிந்ததைப் பார்க்கவில்லை.