துளையின் அளவு

ஊர்காவற்றுறைக் கந்தோரில்
என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது
ஒரு பித்தளைத் தகடு.
நடுவில் துளை.
துளைக்குள் விழும் சங்கு குஞ்சு,
அது கடலுக்கே திரும்பவேண்டும்.
விழாதது விலைக்கு.
சட்டம் என்று நான் தொட்டுப் பார்த்தது
இதைத்தான்,
மிச்சமெல்லாம் கடதாசி.

கடதாசி பழசு.
கந்தோர் என்ற சொல்லையே ஒல்லாந்தன்தான்
விட்டுவிட்டுப் போனான்,
கடலைக் குத்தகைக்குக் கொடுத்த ஏட்டோடு.
வெள்ளைக்காரன் அந்த ஏட்டைத் திருப்பி
மறுபக்கத்தில் எழுதினான்.
பிறகு வந்தவர்கள் மும்மொழியில் எழுதினார்கள்.
தமிழ் மட்டும் ஆறு மாதம் பிந்தி வரும்.
ஒருமுறை சங்கு சங்கமாகி வந்தது:
"சிறிய சங்கங்களை உடனடியாகக் கடலில் விடவும்."
அனலைதீவுக் கடற்றொழிலாளர் சங்கத்தில்
பதினாறே பேர்.
தலைவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

போர்க்காலக் கோவை மெல்லியது.
கடல் மூடப்பட்டுள்ளது, ஒரே வரி.
கடலை எப்படி மூடுவதென்று
அதில் இல்லை.
அந்த வருசங்களில் சங்குகள்
அளப்பாரில்லாமல் கொழுத்தன.
அதைப் பாதுகாப்பு என்று அறிக்கையில் எழுத
எனக்குக் கை வரவில்லை.

போன பங்குனியில்
எழுவைதீவுச் சுழியோடி சூசைநாயகம்
சாக்கைக் கொட்டினார்.
நாற்பத்தொன்று விழுந்தன.
தகட்டை வாங்கி விளிம்பை நகத்தால் வருடி,
"பிள்ளை, உங்கட ஓட்டை தேஞ்சு போச்சு" என்றார்.
"எத்தினை வருசமாய்ச் சங்கு உரசுது.
சட்டம் பெருத்திட்டுது."

மகளின் கொம்பாஸ் பெட்டியிலிருந்த
கவராயத்தால் அளந்தேன்.
ஒரு நெல்லின் அகலம் கூட.
எந்தச் சபையிலும் கை உயராமல்
சங்குகளே நிறைவேற்றிக்கொண்ட திருத்தம்.

"இரவிலை அங்காலை வெளிச்சம் தெரியுதே,
இழுவைப்படகு, கடலின்ரை அடியையே
வழிச்சுக்கொண்டு போகுது.
அதுக்கு ஒரு தகடு இல்லையோ?"
நான் ஆணையாளருக்குக் கடிதம் தட்டிக்கொண்டிருந்தேன்.
தட்டுவதை நிறுத்தவில்லை.

பத்தொன்பதை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.
பதிவில் இருபத்திரண்டு.
கையொப்பத்துக்குப் பதில் அவர்
பேனையைச் சற்று நேரம் பிடித்திருந்துவிட்டு
கோடு ஒன்று இழுத்தார், நேராக,
கடலின் விளிம்பு மாதிரி.

எல்லோரும் போன பிறகு
வாங்கிலுக்குக் கீழே கிடந்தது ஒன்று.
எந்தக் கணக்கிலும் இல்லாதது.
தகட்டில் வைத்தேன்.
விழவில்லை. நிற்கவுமில்லை.
சரியாகத் துளைக்குள் இறுகிவிட்டது.

இழுத்தால் ஓடு வெடிக்கும்.
தட்டினால் தகடு வளையும்.
இரண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு
இறங்குதுறைக்கு நடக்கிறேன்.
கடைசிப் படகும் போய்விட்டது.
உள்ளிருந்து சதை மெல்ல வெளியே வந்து
பித்தளையை
நக்கிப் பார்க்கிறது.