நிகர எடை

கோபாலபுரத்தில், சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம்,
அறுபது டன் எடைமேடையில் எனக்கு இரவுப் பணி.
கொட்டகைக்குப் பின்னால், தென்னைகள் விட்டுக்கொடுத்த சந்தில்
தவணையில் வாங்கிய ஆறங்குலத் தொலைநோக்கி.

முதல் மாதம் முழுக்கக் கிடைத்தவை
உளுந்து வடைகள்.
ரோகிணி ஒரு வடை.
திருவாதிரை, கொஞ்சம் கூடுதலாய் முறுகிய வடை.
குமிழை மயிரிழை திருகினால் சுருங்கும்,
இன்னொரு மயிரிழை, மறுபடி உப்பும்.
அது புள்ளியாக இருந்த இடத்தை
விரல் எப்போதோ தாண்டிப் போயிருக்கும்.

பிறகு ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை
பிளேடால் வரிவரியாகக் கீறி
குழாயின் வாயில் மாட்டினேன்.
நட்சத்திரம் மூன்று கீற்றாய்ப் பிரிந்தது.
இரண்டு, பெருக்கல் குறி போல் நின்றன.
மூன்றாவது, அவற்றின் நடுவுக்கு வர
ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது.

மார்கழியில் கணவாய்க் காற்று சும்மா விடாது.
முக்காலியின் வயிற்றில்
அரசு முத்திரையிட்ட இருபது கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டேன்.
ஆய்வாளர் வந்தால் என்ன எழுதுவாரோ.

முப்பது நொடிக்கு ஒரு படம்.
தேங்காய் லாரி ஒன்று மேடை ஏறினால்
வானத்துப் புள்ளியெல்லாம் புழுவாகும்.
நூற்றுப் பத்தில் தேறியது நாற்பத்தொன்று.
அதிலும் கடைசிப் பன்னிரண்டில், குளிரில் குழாய் சுருங்கி,
திரும்பவும் வடை.

மூன்று மணிக்குக் குழல்மன்னம் சாஜுவின் கோழி வண்டி.
கோழிகள் அசைந்துகொண்டே இருந்ததால்
கடைசி எண் நிலைக்கவில்லை.
அதுவரை அவன் குனிந்து பார்த்தான்.
"ஒண்ணும் இல்லல்லோ சேச்சி. பீடிப் புகை மாதிரி."
திரையில் காட்டினேன்:
வரிசை மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே
ரோஜா நிறத்தில் விரிந்த ஒரு சிறகு.
"கள்ளம். கேமரா சாயம் பூசுது."

பூசவில்லை, சாஜு.
கண் அன்றாடங்காய்ச்சி.
வந்த வெளிச்சத்தை வந்த நொடியே செலவழித்துவிடும்.
கேமரா சீட்டுக் கட்டுகிறது.

அவன் நம்பவில்லை.
நான் குழாயை மூடிவைத்து
வெறும் இருட்டைப் படமெடுக்கத் தொடங்கியதும்
தலையில் கை வைத்தான்.
கருவிக்குள்ளேயே பிறக்கும் புள்ளிகள் இவை,
மொத்தத்திலிருந்து கழிக்கணும் என்றேன்.

பல்லிடுக்கில் ஈர்க்குச்சியோடு யோசித்தான்.
"ஓ. காலி வண்டிய எடை போடறது."

ஆறு வருஷமாக நாளைக்கு எழுபது வண்டி கழிக்கிறேன்.
எனக்குத் தோன்றவில்லை.

ரசீது அடிக்க உள்ளே போனேன்.
பலகையில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே
சிவப்பு எண் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.
இரண்டு பேரும் பேசாமல் அதையே பார்த்தோம்.
ஏதோ ஒரு கோழி
இறக்கையை மடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.