கூடக் குறைய மூன்று மீட்டர்

கௌடாவில் மலை கிடையாது.
மலையேறிகளுக்கான கடை ஒன்று உண்டு.
ஆல்ப்ஸுக்குப் போகிறவர்களிடம்
உயரமானி விற்றுப் பிழைக்கிறேன்.

அக்டோபர் மழையில்
சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு
யெல்ட்யே உள்ளே வந்தாள்.
எந்தச் சிகரம் என்றேன், வழக்கம்போல.
என் வாசற்படி என்றாள்.

இரண்டு படியாக இருந்தது
இப்போது மூன்றாகிவிட்டதாம்.
தோட்டம்தான் இறங்குகிறது,
சதுப்பு மண் உலர உலர அமுங்கும் என்கிறார்
பக்கத்து வீட்டு வீபே.
வீடும் கூடவே இறங்கினால்?
அதை யார் சொல்வது?

கைக்கடிகாரம் போன்ற ஒன்றை எடுத்து வைத்தேன்.
காற்றின் கனத்தை நிறுத்து
உயரம் சொல்லும்.
கடலுக்குக் கீழே இரண்டு மீட்டர் என்றது, சரிதான்.
காப்பி குடித்து முடிப்பதற்குள்
ஏழு மீட்டர் ஏறியிருந்தது.
நாங்கள் நாற்காலியை விட்டே எழவில்லை.
புயல் வருகிறது, அதனால், என்று இழுத்தேன்.
இது வானிலை அறிக்கை என்றாள்.

அடுத்தது செயற்கைக்கோளைக் கேட்டுச் சொல்வது.
கூடக் குறைய மூன்று மீட்டர்.
மூன்று மீட்டர் பிசகினால்
நான் கூடத்தில் மீன் வளர்க்கலாம்.

விரற்கடையும் பிசகாத ஒன்று இருக்கிறது,
முக்காலியும் தலையில் தட்டுமாக.
விலையைச் சீட்டில் எழுதித் தள்ளினேன்.
படித்து, நான்காக மடித்து,
என் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

முதலாளி இல்லாத தைரியத்தில்
எதிர்த்தெரு ஹார்டுவேர் கடையைக் காட்டினேன்.
நாற்பது மீட்டர் பிளாஸ்டிக் குழாய்,
உள்ளே தெரிகிற மாதிரி.
தண்ணீர் நிரப்புங்கள். ஒரு குமிழி தங்கக்கூடாது.

சனிக்கிழமை நானே போனேன்
தேவாலயச் சுவரில் பதித்திருந்த
வெண்கலக் குமிழருகே ஒரு முனையைப் பிடிக்க.
நடுவில் வீபே நின்று
சைக்கிள்களை மறித்தார்.
ஆடிக்கொண்டே இருந்தது தண்ணீர்,
எங்கள் மூவரில் யாரையும் நம்பாமல்.
பிறகு நின்றது.
பென்சிலால் கோடு போட்டாள்,
வீடு கட்டியபோது எழுதிய தாளை விரித்துக் கழித்தாள்.

தோட்டம் முப்பத்தொரு சென்டிமீட்டர்.
வீடு நான்கு,
அதுவும் சமையலறைப் பக்கம் மட்டும்.

அதனால்தான் முட்டை உருளுகிறது
என்று மெல்லச் சொன்னாள்.

வீபே குழாயைச் சுருட்டத் தொடங்கினார்.
இருங்கள், உங்கள் வீட்டையும் பார்த்துவிடலாம் என்றாள்.

அவர் சுருட்டிக்கொண்டே இருந்தார்.
தண்ணீர் அவருடைய சப்பாத்துகளில்
வழிந்தது.