பதினெட்டுப் படிகள்

சுவீடனில், ஹெல்லவிக் நகராட்சியில்
தபாலுக்கு எண் போடுகிறவன் நான்.
மேல்மாடியில் சுற்றுச்சூழல் குழு,
கீழே சொத்துப் பிரிவு,
நடுவில் பதினெட்டுப் படிகள்,
ஒரு காபி இயந்திரம்.

மேலிருந்து குன்வோர் எழுதுகிறாள்:
பழைய கம்பத் தொழிற்சாலை மண்ணைத்
தோண்டி அகற்ற உத்தரவிடுகிறோம்.
பெறுநர்: ஹெல்லவிக் நகராட்சி.
அனுப்புநர் இடத்திலும் அதே பெயர்.
கீழிருந்து தூரே பதில் எழுதுகிறார்:
நிதியாண்டு முடியட்டும்,
அவகாசம் தேவை, இப்படிக்கு.
ஒரே முத்திரை, ஒரே நீல மை.
மதியம் இருவரும் ஒரே மேசையில்
ஹெர்ரிங் மீனும் உருளைக்கிழங்கும் உண்கிறார்கள்.
கடிதத்தைப் பற்றி மட்டும் பேச்சில்லை.

ஐம்பதுகளில் அங்கே
தந்திக் கம்பங்களுக்கு ஆர்சனிக் ஊட்டினார்கள்,
மரம் மக்கக் கூடாது, புழு அண்டக் கூடாது.
வடக்கே போகும் சாலையோரம்
கம்பி அறுத்து எத்தனையோ வருடமாகியும்
அவை நிமிர்ந்தே நிற்கின்றன.
சொட்டியது மட்டும் ஊரோடு தங்கிவிட்டது.

அந்த மேட்டில்தான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள்.
பனி மூடியிருக்கும்வரை பயமில்லை என்கிறது அறிக்கை,
பக்கம் நாற்பத்தொன்று.
ஏப்ரலைப் பற்றி இணைப்பில் இருக்கிறதாம்.
இணைப்பு இணைக்கப்படவில்லை.

விதி சொல்வது பத்து.
குழியில் கிடைத்தது நானூற்றுப் பன்னிரண்டு.
தூரே சராசரி எடுத்தார்,
பக்கத்துக் கால்பந்து மைதானத்தையும் சேர்த்து:
முப்பத்தொன்பது.
நல்ல முன்னேற்றம் என்று குறிப்பு எழுதினார்.

அபராதம் போடலாமா என்று கேட்டாள் குன்வோர்.
வலது பையிலிருந்து எடுத்து
இடது பையில் போடவா என்றார் வக்கீல்.
அதற்கும் ஓர் எண் போட்டேன்.

நேற்று அவள் கடிதம் அனுப்பவில்லை.
சேற்று பூட்ஸோடு தானே இறங்கி வந்தாள்.
கையில் லிங்கன்பெரி ஜாம் பாட்டில்,
லேபிள்கூடக் கிழிக்கவில்லை,
உள்ளே மேட்டு மண்,
பார்க்க நல்ல தோட்ட மண்போலவே இருந்தது.
"வந்து சேர்ந்தது எதுவானாலும்
பதியத்தானே வேண்டும்?" என்றாள்.
வேண்டும். விதி அதுதான்.
எண்ணை ஒட்டினேன்.
கோப்பில் அடங்காததால்
காபி இயந்திரத்தின் மேல் வைத்தேன்.

தூரே வந்தார். கோப்பையை வைத்தார்.
பொத்தானை அழுத்தாமல் கொஞ்ச நேரம் நின்றார்.
அவருக்கு மேட்டருகே வீடு,
இரட்டைப் பேத்திகள், சிவப்புச் சறுக்குப் பலகை;
இது எந்தக் கோப்பிலும் இல்லை.

"மூடி," என்றார்,
"இறுக்கமாக இருக்கிறதா?"