குணம்

மண்டபம் ஆஸ்பத்திரியில்
கட்டுப்போடும் வேலை எனக்கு.
பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில்
ஒரே சொல்லை எழுதி எழுதித் தேய்த்திருக்கிறேன்.
திருக்கை முள் ஏறிய பாதம்: குணம்.
பாசி எடுக்கப்போய்ப் பாறை கிழித்த முழங்கால்: குணம்.
நண்டு கவ்விய சுண்டுவிரல்: பாதி குணம்,
ஆள் மறுபடி வரவில்லை.

ஆனி மாதம் சிந்தாத்திரை வந்தாள்.
புருவத்துக்கு மேலே நாலு தையல்.
பாறையா என்றேன்.
"லிகோரி" என்றாள்,
ஏதோ மீன் பேரைச் சொல்வதுபோல.
"அது கொணம் அப்படி, சிஸ்டர். பெறவிக்கொணம்."

நூல் கோத்தபடி யோசித்தேன்.
புண்ணுக்குச் சொன்னால் ஆறிவிடுகிறது.
ஆளுக்குச் சொன்னால்
அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது.
சுக்குக்குச் சொன்னால் சூடு.
மாப்பிள்ளைக்குச் சொன்னால்
சம்பளம் குறைச்சல் என்று அர்த்தம்.
'கெட்டவளே' சேர்த்தால் தண்ணிக்குழாயடிச் சண்டை.
பழம்பாட்டில் குணகடல் என்றால் கிழக்குக் கடல்,
வெயில் ஏறிவரும் பக்கம்.
மூன்றெழுத்து வள்ளத்தில்
இவ்வளவு சரக்கா?

ஜன்னலுக்கு வெளியே தென்கடல்
கச்சான் காற்றில் குமுறிக்கொண்டிருந்தது.
ஆண்கடல் என்பார்கள்.
ரயில் பாதைக்கு வடக்கே பெண்கடல்,
ஊருணித் தண்ணியாட்டம்.
"அதுகளுக்கும் பெறவிக்கொணந்தானா?"
வலியை மறக்கட்டும் என்று கேட்டேன்.
சிரிக்கப் பார்த்தாள், தையல் இழுத்தது.
"நீங்க தேனிப் பக்கம்.
வாடைக்கு இருந்து பாருங்க."

இருந்து பார்த்தேன்.
கார்த்திகையில் பெண்கடல்
கட்டிக் கிடந்த விசைப்படகுகளை
ஒன்றோடொன்று மோதி உடைத்தது.
ஆண்கடல் மல்லாந்து கிடந்தது.
அதில் யாரோ ஒரு பிள்ளை
சோற்றுச்சட்டி கழுவிக்கொண்டிருந்தது.

அந்த வாரந்தான் லிகோரி வந்தான்,
மணிக்கட்டு வீங்கி, ஒரு பல் குறைந்து.
பின்னாலேயே சிந்தாத்திரை,
அவன் செருப்பைக் கையில் பிடித்தபடி.
எப்படி ஆச்சு?
அவன் மின்விசிறியைப் பார்த்தான்.
அவள்தான் சொன்னாள்:
"எனக்குங் கொணம் இருக்குல்ல, சிஸ்டர்."

கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.
வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிக்க வரச்சொல்லியிருக்கிறேன்.
எழுதிவிடுவேன்.
யாருக்கு, எது என்று
பதிவேட்டில் கேட்கமாட்டார்கள்.