காரணம்: பாலம்

மண்டபத்தில் மீன்வலைக் கடைக்கு மேல் மாடி.
ஒன்பது நாற்காலி, ஒரு ஏசி, அதற்கும் இருமல்.
மாலை ஆறரைக்கு நான் ப்ரிட்ஜெட்.
வீட்டில் பிரிஜித்தா.

லாரிகளை அனுப்புகிறேன்.
ஒன்றையும் தொட்டதில்லை.
எங்கிருந்து பேசுகிறாய் என்று கேட்டால்
டல்லாஸ் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

நகரங்களை எனக்கு
மைலுக்கு எத்தனை டாலர் என்றுதான் தெரியும்.
நியூயார்க் என்றால் டிரைவர்கள் முனகுவார்கள்:
பாலத்துக்குப் பாலம் சுங்கம்,
மூத்திரம் போக நிறுத்த இடமில்லை.
சிலையைப் பார்த்தீர்களா என்று ஒருவரிடம் கேட்டேன்.
"கண்ணாடியில் போச்சு, கட்டைவிரல் அளவு."

டெட்ராய்ட்டிலிருந்து காரின் இடப்பக்கக் கதவுகள்
ஒரு வண்டி நிறைய வரும்.
வலப்பக்கத்துக்கு நாளை வரை காத்திரு.
ஹூஸ்டனில் எல்லாமே குழாய்;
நீளம் கூடினால் அனுமதிச் சீட்டு,
அது கிடைப்பதற்குள் எனக்கு விடிந்துவிடும்.
லாஸ் ஏஞ்சல்ஸ் என்றால் சினிமா என்றிருந்தேன்,
பெட்டி, பெட்டி, துறைமுகத்துப் பெட்டி.
மெம்பிஸ் மட்டும் எங்கள் ஜாதி:
பார்சல் விமானம் இறங்க இறங்க
ராத்திரி முழுக்க முழித்திருக்கும் ஊர்.

செயின்ட் லூயிஸில் வானுயர ஒரு வளைவாம்,
கதவில்லாத வாசல்.
எதுக்கு அது என்றேன் லெஸ்டரிடம்.
"மேற்கே போனவங்க ஞாபகமா."
நீங்க கிழக்கே போறீங்களே?
"அதான் வாடகை கம்மி."

இந்த லெஸ்டர்தான்
கார்த்திகை மாதம், மழை விட்ட ஓர் இரவு
ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டார்.
அங்கே பகல் இரண்டு.
தெற்குச் சிகாகோ, நூற்றாறாம் தெரு.
வண்டியில் உப்பு.
பனி விழுந்தால் சாலையில் தூவுகிற உப்பு,
ஆற்றங்கரையில் மலையாய்க் குவித்து
கறுப்புத் தார்ப்பாய் போர்த்திய உப்பு.
(வாலிநோக்கத்தில் நாங்கள் கீற்று வேய்வோம்.
தூவ மாட்டோம். எண்ணி விற்போம்.)

பக்கத்தில் இரும்பாலை இருந்த இடமாம்.
முப்பது வருஷமாகப் புல்லும் மதில் சுவரும்.
அந்த மதிலுக்குள் பிறந்தவர்போலப் பேசுவார்
அதைப் பற்றி மட்டும்.

"லேட் ஆகும் ப்ரிட்ஜெட். பாலம் தூக்கிட்டாங்க."
போனுக்குள் மணி அடித்தது.
பிறகு அந்தச் சத்தம்,
இரும்பு தன் எடையை
இன்னொரு இரும்பிடம் ஒப்படைக்கிற முனகல்.

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"இப்போ ரெண்டா பிளந்து நிக்குதா?"
ஆமா என்றார்.
"படகு சின்னதா?"
ஒரு இழுவைப் படகு, பின்னால் சரளைக்கல்.
"அப்போ இருபது நிமிஷம். அது போனப்புறமும்
உடனே இறக்க மாட்டாங்க, பூட்டு விழணும்."

எதிர்முனையில் இன்ஜின் ஓட்டம் மட்டும்.

"உனக்கெப்படித் தெரியும்?"

பாம்பனில் பழைய தூக்குப் பாலத்தைக்
கம்பி பிடித்துச் சுற்றித் திறந்தவர்களில்
என் அப்பா ஒருத்தர்.
அந்த மாதிரித் தூக்கு சிகாகோக்காரன் யோசனை என்று
சாராயம் உள்ளே போன நாட்களில் சொல்வார்,
சிகாகோ ஏதோ பெண் வீட்டுச் சொந்தம்போல.
இப்போது புதுப் பாலம் லிப்ட் மாதிரி நேரே ஏறுகிறது.
அதற்கு அப்பா தேவையில்லை, பொத்தான் போதும்.
அவருக்கு அதில் வருத்தமில்லை.
முதுகு வலி போச்சு என்கிறார்.

இதை எல்லாம் சொன்னேனா?
"எங்க ஊர்லயும் ஒண்ணு உண்டு" என்றேன்.
"கடல் மேல."

"டல்லாஸ்ல ஏதும்மா கடல்?"

பக்கத்து மேசை ஜைனுலாபுதீன்
கீ-போர்டில் விரலை நிறுத்திப் பார்த்தான்.
அழைப்புகள் பதிவாகின்றன.
சன்னலுக்கு வெளியே
ராமேஸ்வரம் பக்கம் சிவப்பு விளக்கு அணைந்து எரிந்தது.

"இல்லதான்" என்றேன்.

சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை.
"பூட்டு விழுந்திருச்சு" என்றார்.
கியர் மாறியது.

தாமதப் படிவத்தில் எழுதினேன்:
இருபத்திரண்டு நிமிடம்.
காரணம்: பாலம்.
எந்தப் பாலம் என்று எழுத அதில் கட்டமில்லை.