ஒரு சதுர அடிக்கு ஓர் அங்குலம் குறைவு

டுலூத்தில் மார்ச்.
ஏரி இன்னும் உறைந்தே கிடந்தது.
பணிமனையில் பேருந்துகளுக்கு பிரேக் மாட்டும்
லோர்னா ஹியெட்டலா
நகத்திடுக்கில் கிரீஸோடு
அறுபத்தேழு இடங்களில் கையெழுத்திட்டாள்.
கடைசிப் பக்கங்களில் அவள் பெயர்
வெறும் கோடாகியிருந்தது.

விலை ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம்.
பரப்பு ஆயிரத்து நூற்றிருபது சதுர அடி.
வகுத்தால் அடிக்கு நூற்றைம்பது டாலர்.
அத்தனை காகிதத்திலும் இல்லாத
இந்த ஒரு கணக்கை அவளே போட்டுக்கொண்டாள்.

எட்டு வருடம் சேர்த்த முன்பணம்
ஐம்பத்தாறு சதுர அடிக்கு வந்தது.
குளியலறை,
அதற்கு வெளியே துண்டுகள் அடுக்கும் அலமாரி வரை.
உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால்
அவள் யாருக்கும் கடன்பட்டவள் இல்லை.

மதிப்பிட வந்தவருக்கு,
சோதிக்க வந்தவருக்கு
(கூரையைத் தரையில் நின்றபடியே பார்த்தார்),
பத்திரத்தில் வில்லங்கம் தேடியவருக்கு,
தேடியதில் ஏதும் தவறியிருந்தால் என்று ஒரு காப்பீட்டுக்கு,
கடன் தரச் சம்மதித்ததற்காகக்
கடன் தருபவருக்கே ஒரு கட்டணம்.
ஐயாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
இதில் ஒரு செங்கல்கூட வரவில்லை.
சுமைகூலி முக்கால் பணம் என்பது
எல்லாச் சந்தையிலும் ஒன்றுதான் போல.

மே ஒன்றாம் தேதி முதல் தவணை:
ஆயிரத்து நானூற்றுப் பதினேழு.
சொத்துவரிக்கு நூற்றுத் தொண்ணூறு.
தீக்கும் புயலுக்கும் நூற்றுப் பதினெட்டு.
அவள் கைவிரித்தால் வங்கி அழக்கூடாதே,
அந்தக் கண்ணீருக்கு எழுபத்து நான்கு.
பிறகு வட்டி உட்கார்ந்தது.
எண்ணூற்றுத் தொண்ணூற்றேழு டாலர் சாப்பிட்டு எழுந்தது.
பந்தியின் கடைசி இலைக்கு
உடைந்த அப்பளம்போல் வந்து சேர்ந்தது அசல்:
நூற்று முப்பத்தேழு டாலர் நாற்பத்தொரு சென்ட்.

டயரில் குறியிடும் நீலச் சாக்கட்டியால்
சமையலறைத் தரையில் அதை வரைந்து பார்த்தாள்.
பன்னிரண்டு அங்குல அகலம்.
பதினோரு அங்குல நீளம்.
வேலைக்குப் போகும் பூட்ஸை அதில் வைத்தாள்.
முனை மட்டும் வங்கியின் நிலத்தில் நீட்டிக்கொண்டிருந்தது.

இப்படியே போனால்
படுக்க ஓர் இடம் சொந்தமாக
இரண்டு வருடம் ஆகும்.
புரண்டு படுக்க?
அதைக் கணக்கிடவில்லை.

ஜனவரியில் கூரை விளிம்பில் பனி கட்டியாகி
படுக்கையறையில் சொட்டத் தொடங்கியது.
அந்த அறையில் ஒரு சாண்கூட அவளுடையதாகவில்லை.
ஆனால் சொட்டு முழுக்க அவளுடையது.
வாளியும் அவளுடையது.
இரண்டாயிரத்து நூறு டாலர்.

பிப்ரவரியில் கடிதம்:
வரும் மாதம் முதல் அறுபத்து மூன்று டாலர் கூடுதல்.
டீன் ஓவர்காட்டைக் கூப்பிட்டாள்.
"முப்பது வருடத்துக்கும் மாறாது என்றீர்கள்."
"வட்டி மாறவில்லை, மேடம்.
வரிதான் மாறியது."
அவர் குரலில் பொய்யில்லை.
அதுதான் எரிச்சலாக இருந்தது.

அன்றிரவு சாக்குக் கோட்டின் பக்கத்தில்
சப்பணமிட்டு உட்கார்ந்து
ஒரு காசோலை எழுதினாள்.
பன்னிரண்டு டாலர் ஐம்பத்தொன்பது சென்ட்.
கீழே பெரிய எழுத்தில்: அசலுக்கு மட்டும்.

அவர்கள் அதை வரிக்கணக்கில் போட்டுவிட்டார்கள்.
மூன்று தொலைபேசி அழைப்பு.
நாற்பது நிமிடம் பியானோ இசை.
நான்காவது குரல், யாரோ ஓர் இளைஞன்,
"இவ்வளவு சின்னத் தொகைக்கா?" என்றான்.
"ஓர் அங்குலம்" என்றாள்.
அவனுக்குப் புரியவில்லை; ஆனாலும் மாற்றிவிட்டான்.

ஈரத்துணியால் ஒரு கோட்டை அழித்து
ஓர் அங்குலம் தள்ளி வரைந்தாள்.
இடது பூட்ஸ் இப்போது உள்ளே அடங்கியது.
வலது கால் இன்னும் வங்கியில்.
அப்படியே நின்று
காப்பி போட்டாள்.